வாடிப்பட்டியில் ஒரு பாய்மரப் படகு

இந்த ஊரில் யாரையாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல மாட்டார்கள். போலந்து நாட்டின் வடகிழக்கில், ஏரிகள் நிறைந்த ஒரு சிறுநகரத்தில் எனக்கு வேலை. காலையில் தொழிற்கூட வாசலில் எங்கள் ஷிப்ட்டின் மூத்த தொழிலாளி மாரெக்கைப் பார்த்ததும் “யாக் தாம்?” என்பேன். எப்படிப் போகிறது என்று பொருள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு “ஸ்தாரா பியெடா” என்பார். அதே பழைய தரித்திரம்தான் என்று பொருள். வந்த புதிதில் இதை நான் அப்படியே நம்பிவிட்டேன். பாவம், மனிதர் என்ன கஷ்டத்தில் இருக்கிறாரோ என்று, மத்தியானம் என் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவருக்கு எடுத்து வைத்தேன். மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் புத்தம்புதுக் காரில் ஏறிப் போகிறார். வாய்விட்டு நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்தவன் கண் பட்டுவிடும் என்கிற பயம் இவர்களுக்கும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நம் மதுரைப் பக்கம் “ஏதோ ஓடுதுண்ணே” என்கிறோமே, அதேதான். இத்தனை தூரம் விமானத்தில் வந்து இறங்கியும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் பயப்படுகிறார்கள்.

அதனால்தான், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சுமதியின் கணவன் இளங்கோவைப் போனில் கூப்பிட்டு “என்ன மாப்ள, எப்படிப் போகுது?” என்று கேட்டபோது வழக்கமான பதிலைத்தான் எதிர்பார்த்தேன். இளங்கோ பைபர்கிளாஸில் தண்ணீர்த் தொட்டி செய்து விற்பவன். ஆர்டர் இல்லை, ஆள் வரவில்லை, கரண்ட் போய்விட்டது என்று சொல்வான். நாலு ஆறுதல் வார்த்தை சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவனோ,

“சூப்பரா இருக்கேன் மச்சான். ஒங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். வாடிப்பட்டி தாண்டி ஒரு கொட்டாய் பிடிச்சிருக்கேன். பாய்மரப் படகு செய்யப் போறோம், பைபர்ல. ஆர்டர்கூட வந்துருச்சு” என்றான்.

“ரொம்ப சந்தோசம் மாப்ள” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை. வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தால் வருகிற சாதாரணப் பொறாமை அல்ல இது. என் சட்டையை இன்னொருவன் எடுத்துப் போட்டுக்கொண்டு, அது அவனுக்குப் பொருத்தமாகவும் இருப்பதைப் பார்க்கிற எரிச்சல்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்வதே பைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளைத்தான். மெழுகு பூசிய மோல்டு என்கிற அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்கிற வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். அது இறுகியதும் அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, ரெசின் என்கிற பிசினில் நனைத்து, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவது என் வேலை. முகமூடி, வெள்ளை அங்கி, கையுறை என்று எவ்வளவு மூடிக்கொண்டாலும் கண்ணாடித் தூசி கழுத்து மடிப்பில் புகுந்து அரிக்கும். படகு மோல்டிலிருந்து பளபளவென்று வெளியே வருகிற நேரம் அந்த அரிப்பெல்லாம் மறந்துபோகும். ஆனால் உடனே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். கோடையில் இங்குள்ள ஏரிகளிலெல்லாம் நாங்கள் செய்த படகுகள்தான். கரையில் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டே, அதோ போகிறது நம் கை பட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஒன்றில்கூட நான் ஏறியதில்லை. ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்றில்லை, கேட்கத் தோன்றியதில்லை.

அப்படிக் கரையில் நின்ற நேரங்களில்தான் ஒரு திட்டம் வளர்ந்தது. தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பாய்மரப் படகுக் கம்பெனி வைப்பது. கடல் இல்லாத ஊரில் படகா என்று கேட்பார்கள். நான் இருக்கும் ஊரிலும்தான் கடல் இல்லை. லாரி போகிற ஊருக்கெல்லாம் படகும் போகும். இந்தத் திட்டம்தான் என்னை இங்கே நிற்க வைத்தது. என் மனைவி பிரேமாவும் மகளும் திருநகரில் இருக்க, நான் இங்கே நாலுபேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலோடு காலம் தள்ளியதற்கு, என்றைக்கோ திரும்பிப் போய் முதலாளி ஆகப்போகிறவன் என்கிற நினைப்புதான் துணை. இளங்கோவை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவனிடம் இதைச் சொன்னதில்லை. பிரேமாவிடமும் சொன்னதில்லை. சொல்லாத திட்டத்தை ஒருவன் திருடிவிட்டான் என்று போலீசுக்குப் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் திருடிவிட்டான் என்றே இருந்தது.

இளங்கோவும் நானும் செல்லூரில் ஒரே பைபர் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம், நடுவில் எங்கள் ரெசின் வாடை. தண்ணீர்த் தொட்டி, பூங்காவுக்குச் சறுக்குமரம், ஒரு செருப்புக்கடை வாசலில் நிற்க ஆள் உயரச் செருப்பு என்று எதையும் செய்வோம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு டைனோசர் செய்தபோது பல் வைக்கிற வேலை இளங்கோவுக்கு. பல்லைப் பெரிதாக வைத்துவிட்டான். வாய் மூடாமல் அது சிரிக்கிற டைனோசராகிவிட்டது. பட்டறை முதலாளி கத்தினார்; பிள்ளைகளோ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு எப்போதும் இப்படித்தான், தப்பாகச் செய்தாலும் நல்லதாக முடியும். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஆனான். போலந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் சென்னைக்குப் போய் வேலை செய்து காட்டினோம். இரண்டு பேரையுமே எடுத்துக்கொண்டார்கள். அப்போது சுமதி முழுகாமல் இருந்தாள். “இவள இப்படி விட்டுட்டு என்னால வர முடியாது. நீங்க போயிட்டு வாங்க மச்சான்” என்று நின்றுகொண்டான். விமான நிலையத்தில் என் பெட்டியை அவன்தான் தள்ளிக்கொண்டு வந்தான். அருமையான வாய்ப்பை விட்டுவிட்டானே என்று அவன்மேல் எனக்கு இரக்கம். அடுத்தவன்மேல் படுகிற இரக்கம் ரொம்ப சுகமானது. குளிரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது அதை நினைத்துக்கொள்வேன். நாமாவது வந்தோமே என்று இருக்கும். அந்த இரக்கத்தை ஒரே போன் காலில் பிடுங்கிக்கொண்டான்.

மறுநாள் மாரெக்கிடம் சொன்னேன். எங்கள் ஊரில் கடல் இல்லை, ஆறு உண்டு, அதில் பாதி நாள் தண்ணீர் இல்லை, அங்கே என் தங்கையின் கணவன் பாய்மரப் படகு செய்கிறானாம் என்றேன். அவர் சிரிப்பார், கூடச் சேர்ந்து சிரிக்கலாம் என்பது என் கணக்கு. அவர் உருளையைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“குடும்பக் கம்பெனியா! பிரமாதம். நீ எப்போது போகிறாய்?”

லீவைக் கேட்கிறார் என்று நினைத்து, “ஜனவரியில்” என்றேன்.

“அவ்வளவு சீக்கிரமா? வருத்தம்தான். ஆனாலும் நல்லது” என்றவர் மறுபடி கையைக் குலுக்கினார். நான் ஒரேயடியாகப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் ஷிப்ட்டில் இருந்த எல்லோரும் வந்து வாழ்த்திவிட்டார்கள். இல்லை, லீவுக்குத்தான் போகிறேன், திரும்பி வருவேன் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது புரியவில்லை.

ஆனால் அவர்கள் வாழ்த்தியது எனக்குள் வேறு மாதிரி வேலை செய்தது. தொட்டி செய்கிறவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? நான் இல்லாமல் எப்படி முடியும்? போய் இறங்கியதும் என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கப்போகிறான். முதலில் மறுப்பேன். சுமதி அழுவாள். பிறகு பெரிய மனது பண்ணி, பெயர்ப்பலகையில் என் பெயர் முதலில் வரவேண்டும் என்கிற ஒரே நிபந்தனையோடு சம்மதிப்பேன். விமானத்தில் மதுரை வந்து சேரும்வரை இந்தப் பேச்சைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடிப்பட்டி தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி அந்தத் தகரக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில், தென்னந்தோப்பை ஒட்டி, வெள்ளை வெளேரென்று ஒரு படகு. இரண்டு மூன்று பேர் உட்காரக்கூடிய சின்னப் படகுதான். நாலுவழிச் சாலையில் போகிற லாரிக்காரர்கள் ஓரங்கட்டி, “என்னண்ணே, சினிமா ஷூட்டிங்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தூத்துக்குடிப் பக்கம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு சங்கத்தார் வரைபடம் கொடுத்துச் செய்யச் சொன்னார்களாம். ஓட்டத் தெரியாமல் செய்யக் கூடாது என்று இளங்கோ அங்கேயே சில நாள் தங்கி ஓட்டவும் கற்றுக்கொண்டானாம். நான் படகைச் சுற்றி வந்தேன். ஒரு குறையாவது கிடைக்காதா என்று உள்ளங்கையால் அடி முதல் நுனி வரை தடவினேன். மேடு இல்லை, பள்ளம் இல்லை, தட்டினால் குமிழிச் சத்தம் இல்லை. இவ்வளவு ஏமாற்றமாக நான் எந்தப் படகையும் தடவியதில்லை.

“எப்படி மச்சான், தேறுமா?”

“பரவால்ல.”

“பாய்த் துணிய மட்டும் வெளிய வாங்கி, செல்லூர்ல நம்ம பந்தல் துணி தைக்கிறவர்கிட்டக் குடுத்துத் தச்சேன். மொதல்ல, எத்தனை தூண் நடணும்னு கேட்டாரு” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பந்தல்காரர் தைத்த பாயில் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தினமும் திருநகரிலிருந்து கிளம்பி அங்கே போய்விடுவேன். நிழலில் நாற்காலி போடுவான். டீ வரும், வடை வரும். இரண்டாவது படகின் வேலை நடந்துகொண்டிருக்கும். எல்லாம் கேட்பான்: அங்கே பனி எப்படி, சாப்பாடு எப்படி, ரூம் எப்படி. வந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சந்தர்ப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். “ஒத்த ஆளா எப்படிச் சமாளிக்கிற மாப்ள?” என்றால், “ஆளுக இருக்காங்க மச்சான், நல்லாப் போகுது” என்பான். ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரேமா என்னையே பார்த்தாள்.

“இளங்கோ அண்ணன் கம்பெனி நல்லா வருதுன்னு ஊரே சந்தோசப்படுது. நீங்க ஏன் வந்ததுல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கீங்க?”

“அலைச்சல்” என்றேன்.

“தெனமும் நீங்களாத்தான அலையுறீங்க?” என்று குழம்பை ஊற்றினாள்.

கேட்க மாட்டேன் என்கிறான், சரி, நாமே இறங்கிக் காட்டுவோம் என்று ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்தேன். இரண்டாவது படகின் உட்புறத்துக்கு விரிப்பு போடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளி நிறைய ரெசின். அதில் ஹார்ட்னர் என்கிற திரவத்தைக் கலந்தால்தான் அது இறுகும். இளங்கோ சின்ன மூடியால் அளந்து ஊற்றப் போனான். நான் தடுத்தேன்.

“என்ன மாப்ள, சொட்டு மருந்து மாதிரி ஊத்துற? குளிர்காலத்துல இம்புட்டு ஊத்தினா எப்பக் காயும்? நாங்க அங்க எம்புட்டு ஊத்துவோம் தெரியுமா?”

எனக்குக் குளிர்காலம் என்றால் கூடுதலாக ஊற்ற வேண்டும். கை அப்படிப் பழகிவிட்டது. இங்கேயும் தை மாதம். காலையில் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என்னா குளிரு என்கிறார்கள். சுமதிகூட ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். அந்தப் பேச்சையெல்லாம் என் கை நம்பிவிட்டது. உச்சிவெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறோம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அது கவனிக்கவில்லை. இளங்கோ ஒரு கணம் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மச்சான் சொல்கிறார் என்று ஒதுங்கி நின்றான். நான் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். விரிப்பின் ஒரு மூலையை நனைப்பதற்குள் வாளிக்குள் ரெசின் கூழாகிவிட்டது. அடுத்து வாளி சுட்டது. பிறகு புகைந்தது. செல்லூரில் முதல் மாதம் வேலைக்கு வருகிறவன்கூடச் செய்யாத வேலை அது. இளங்கோ ஒரு கம்பை எடுத்து வாளியின் பிடிக்குள் விட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி மணலில் வைத்தான். உள்ளே கட்டியாகிப்போன ரெசின் படீர் படீர் என்று வெடித்தது. வேலையாட்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“அது ஒண்ணுமில்ல மச்சான், நம்ம ஊரு சூடு அப்படி. நீங்க உக்காருங்க, லீவுக்கு வந்துட்டு எதுக்குக் கஷ்டப்படுறீங்க?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வேண்டுமென்றே குத்தியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் மனதாரத்தான் சொன்னான்.

விஷயம் கேள்விப்பட்டுச் சாயங்காலம் சுமதி வந்துவிட்டாள். “யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல. ரோட்டுல போறவன் பூராம் நின்னு நின்னு பாக்குறான்ல!” என்றாள். கொட்டகையை விட்டுத் தள்ளி, ரெசின் வாடை எட்டாத இடத்தில் ஓலையைக் கொளுத்தினாள். என்னையும் இளங்கோவையும் கிழக்குப் பார்க்க ஒன்றாக உட்கார வைத்து, கை நிறைய உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்துச் சுற்றினாள். ஊர்க்காரர் கண், உறவுக்காரர் கண் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அந்த உறவுக்காரனான நான் அவள் கைக்குக் கீழேதான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை சுற்றி, எங்களைத் துப்பச் சொல்லி, நெருப்பில் போட்டாள். மிளகாய் கருகியது, நெடியே வரவில்லை.

“பாத்தியாண்ணே? கொஞ்சமாச்சும் கமறுதா பாரு. எம்புட்டு கண்ணு பட்டிருந்தா இப்படி இருக்கும்!”

“ஆமா, நெறையத்தான் பட்டிருக்கு” என்றேன். அந்த லீவில் நான் பேசிய சுத்தமான உண்மை அது ஒன்றுதான்.

நான் திரும்புவதற்கு முந்தைய நாள், முதல் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க முடிவு செய்தார்கள். தூத்துக்குடிக்கு அனுப்புமுன் பக்கத்துக் கண்மாயில் ஒரு சோதனை. கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் நிரம்பிக் கிடந்தது. சின்ன வண்டியில் படகை ஏற்றி, நானும் இளங்கோவும் பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வயல்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தபோது, படகின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் பேசினான்.

“மச்சான், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? இதை ஆரம்பிக்கும்போதே ஒங்களக் கூப்பிடணும்னு ரொம்ப ஆச. சுமதிகூடக் கேளுங்கன்னா. எனக்குத்தான் வாய் வரல. அங்க அம்புட்டுப் பெரிய கம்பெனியில இருக்கீங்க. இந்தத் தகரக் கொட்டாய்க்கு வாங்கன்னு எந்த வாயால கூப்பிடுறது?”

எத்தனை நாளாகக் காத்திருந்த பேச்சு. கூப்பிடு மாப்ள, இப்பக் கூப்பிடு, நாளைக்கே டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். புகைந்த வாளி கண் முன்னால் வந்தது. கட்டில், கையுறை, கழுத்து அரிப்பு எல்லாம் வந்தது. பெரிய கம்பெனி என்று அவன் சொன்ன மரியாதையும் வந்தது. அதை விட மனசில்லை.

“அதுவுஞ் சரிதான் மாப்ள. நம்மள அங்க இருந்து விடவும் மாட்டாங்க” என்றேன்.

“அதத்தான் நானும் சுமதிகிட்டச் சொன்னேன்” என்றான்.

கண்மாய்க் கரையில் கூட்டம் கூடியிருந்தது. படகின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். பிரேமாவும் மகளும் கரைமேல் நின்றார்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு சுமதி பயந்து பயந்து ஏறி உட்கார்ந்தாள். இளங்கோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“மச்சான், பின்பக்கம் நீங்க பிடிச்சுக்கங்க. காத்து நெறஞ்சதும் சொல்றேன், விட்டுருங்க.”

பேண்டை மடித்துவிட்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். பந்தல்காரர் தைத்த பாய் மேலே ஏறியது, படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிச் சட்டென்று அடங்கி, வயிறு புடைத்தது. என் இரண்டு உள்ளங்கைகளிலும் படகு இழுத்தது. எத்தனையோ படகுகளை இந்தக் கைகளால் உருட்டி உருட்டிச் செய்திருக்கிறேன். பாய் இழுப்பது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“விடுங்க மச்சான்.”

நான் விடவில்லை.

“மச்சான், விட்டுருங்க!”

“அண்ணே, விளையாடாதண்ணே, பயமா இருக்கு!” என்று சுமதி சிரித்தாள். நான் விளையாடவில்லை என்பது தண்ணீருக்கு மேலே ஒருவருக்கும் தெரியவில்லை. விரல்கள் வழுக்கின. படகு என் கையை விட்டுப் போனது. சத்தமே இல்லாமல், கண்மாயின் நடுவை நோக்கி, இளங்கோ ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார, அழகாகப் போனது. கரையில் விசில் பறந்தது. என் மகள் கைதட்டிக் குதிப்பது தெரிந்தது. நான் படகைப் பிடித்திருந்த மாதிரியே கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன்.

கரையிலிருந்து யாரோ போனைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினார்கள்.

“அந்த வெளிநாட்டு அண்ணே! அண்ணே, ஒங்களத்தான்! படகு மறைக்குது, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க!”

ஒதுங்கத்தான் பார்த்தேன். இரண்டு காலும் கண்மாய்ச் சேற்றில் முழங்கால் வரை புதைந்திருந்தன.